பாழாய்க் கிடக்கும் கொல்லையைத் தோட்டமாக்க, நர்சரிக்குக் கடைசியாகப் போங்கள்

சென்னையில் பழைய தனிவீடுகளின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கிழட்டு மாமரம், ஓரமாகத் தென்னை, வீட்டைப் புதுப்பித்தபோது கொட்டிய கட்டட இடிபாடு, அதன் மேல் இடுப்பளவுக்குப் புதர். பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, ஜேசிபி வைத்து வழித்துவிட்டு லான் போடலாம் என்பது. தயவுசெய்து வேண்டாம். குடும்பமே உட்கார்ந்து பேச நிழல் தருவது அந்தக் கிழட்டு மாமரம்தான், புதுக்கன்று அந்த அளவுக்கு வளர்வதற்குள் பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விடுவார்கள்.

ஆனி, ஆடியில் காய்ப்பு முடிந்ததும் மரத்தைக் கவனியுங்கள். காய்ந்த கிளைகளை அறுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால், மாவிலை போலில்லாத வேறு இலைக்கொத்து கிளையோடு ஒட்டி வளர்ந்திருக்கும். அது புல்லுருவி. அதை மட்டும் பிய்த்தால் திரும்ப முளைக்கும், ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடையெல்லாம் கட்டாதீர்கள், பட்டை அழுகும்.

இடிபாட்டை அள்ளும்போது காலில் பூட்ஸ், கையில் நீளக் கம்பி. செங்கல் குவியலில் பாம்பு இருக்கலாம். சிமெண்டுக் கலவை மண்ணோடு கலந்திருந்தால் காரத்தன்மை ஏறி, நட்ட செடி வெளிறிப்போகும், அதனால் அந்த இடத்தில் மட்டும் மேல்மண்ணையே அள்ளி அப்புறப்படுத்துவது நல்லது. அப்புறம் கோரை. இழுத்தால் புல் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்துகொண்டு அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும். மருந்தெல்லாம் தேவையில்லை, கிளறிக் கிழங்கைப் பொறுக்கிவிட்டு, பசுந்தாள் உரத்துக்கு வளர்க்கிற சணப்பையை நெருக்கமாக விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. பூக்கும் சமயத்தில், ஏறக்குறைய 45 நாளில், சணப்பையை மடக்கி உழுதுவிட்டால் அதுவே உரம்.

இந்த நாட்களில் ஒரு வேலை செய்யுங்கள்: காலை, மதியம், மாலை வெயில் எங்கே விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தாளில் குறித்து வையுங்கள். அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் மணல், தண்ணீர் சீக்கிரம் இறங்கும். களிமண் பகுதியென்றால் தேங்கும் இடத்தில் மழைநீர்க் குழி வெட்டாமல் எதையும் நடாதீர்கள்.

ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் இரண்டடிக் குழி, மேல்மண், மக்கிய எரு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. வெறிச்சென்று தெரியாமலிருக்க இடையில் வாழை வையுங்கள், ஒரு வருடத்துக்குள் தோட்டம் நிறைந்துவிடும், கொய்யா எழும்பியதும் எடுத்துவிடலாம். குளியலறைத் தண்ணீர் போகிற பக்கம் வாழைக்கு ராஜயோகம். மதில் ஓரம் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி. அரளி அழகுதான், ஆனால் செடி முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். முருங்கையை வாசலருகே வைத்தால் கம்பளிப்பூச்சியோடு குடித்தனம் நடத்த வேண்டும், கிளையும் காற்றுக்கு முறியும்.

ஊஞ்சலோ மணல்குழியோ, பிள்ளைகளுக்கானது எதையும் தென்னைக்கு அடியில் போடாதீர்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வழியும் தண்ணீரில் உப்பு அதிகம், அது செடிக்கு வேண்டாம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசி தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.