சிதைந்த வீட்டை இருவராகப் புதுப்பிக்க: முதலில் தண்ணீர், கடைசியில் நிறம்

பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வெளுத்த சுவரும் உடைந்த தரையும். பலரும் அங்கிருந்தே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்த மழையில் கூரை ஒழுகும், புதுப் பெயிண்ட் கொப்புளிக்கும், போட்ட டைல்ஸை உடைத்துக் குழாயைத் தேட வேண்டிவரும். வரிசை தவறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும். கணவனும் மனைவியும் சேர்ந்து இழுக்கும் வேலையில் இன்னொரு செலவும் உண்டு: “யார் பேச்சைக் கேட்டு இதைச் செய்தோம்?” என்ற மனத்தாங்கல். இந்த மனத்தாங்கலில் பெரும்பகுதி வேலையின் வரிசை பிசகுவதாலும், முடிவுகளை நேரத்தில் எடுக்காததாலும் வருகிறது. இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்துவிடலாம்.

வரிசை இதுதான். முதலில் கூரையும் மழைநீர் வடியும் வழியும். பிறகு விரிசல், துருப்பிடித்த கம்பி, கரையான். அதன்பின் இடிப்பு, கழிவுநீர்க் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி. அவற்றை மூடும் பூச்சு. குளியலறை நீர்க்காப்பு, தரை, கதவு ஜன்னல், பெயிண்ட். ஸ்விட்ச், குழாய்முனை, விளக்கு எல்லாம் கடைசி.

இடிக்கும் முன் ஒரு முழுச் சுற்று

டார்ச், சிறு சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், ரசமட்டம், சுண்ணக்கட்டி, வீட்டின் கைவரைபடம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தட்டிப் பார்க்க, மற்றவர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். தட்டும்போது வெற்றோசை வரும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்தப் பரப்பைச் சுற்றிச் சுவரிலேயே கோடு போடுங்கள். பின்னால் கொத்தனாரிடம் பேசும்போது எத்தனை சதுர அடி என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.

விரிசலின் திசை காரணத்தைச் சொல்லும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடினால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம், அல்லது திறப்புக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் சரியில்லை. கான்கிரீட் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக ஓடினால், வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வந்ததாக இருக்கலாம். வலைபோல மேலோட்டமாகப் பரவியிருந்தால் பூச்சு மட்டும் காய்ந்து வெடித்திருக்கிறது. விரிசல் இன்னும் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள, மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் குறுக்கே வைத்து இரு முனைகளையும் எபாக்ஸியால் ஒட்டித் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் நகர்வு நிற்கவில்லை. நகரும் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். அங்கே முதலில் கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும்.

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்பதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டிச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 48 மணி நேரம் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் ஈரம் கோத்தால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. அறைப்பக்கம் மட்டும் கோத்தால் அறைக் காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலும் காற்றாடியும் போதும்.

மர நிலை, உத்தரம், படிக்கட்டு எல்லாவற்றிலும் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். தடையின்றி உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது, அல்லது கரையான் தின்றுவிட்டது. சுவரோரம் மண் குழல் தெரிந்தால் அதை உடைத்துவிடாமல் பூச்சி மருந்தடிப்பவரிடம் அப்படியே காட்டுங்கள்.

இரண்டு ஆபத்துகளில் அவசரம் கூடாது. மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்தால் தூசி உடலுக்குள் போகும். கர்ப்பிணியும் சிறு குழந்தையும் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது. பழைய சிமெண்ட் கூரைத் தகட்டிலும் குழாயிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகச் சோதனைதான் வழி. முடிவு வரும்வரை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம்.

தண்ணீரை நிறுத்துவது

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் மேலே ஹோஸ் பிடிக்க, மற்றவர் கீழே அறையில் டார்ச்சுடன் நிற்க வேண்டும். தண்ணீரைத் தாழ்வான இடத்திலிருந்து தொடங்கி மெல்ல மேலே நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரமாவது விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் தண்ணீர் எல்லா ஓட்டைக்குள்ளும் புகுந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

தட்டையான தளத்தில் பெரும்பாலும் கசிவது நடுப்பரப்பு இல்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், குழாய்கள் தளத்தைத் துளைக்கும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். மூலையில் சாந்தால் வளைவான ஒட்டு பிடித்து, நீர்க்காப்புப் பூச்சைச் சுவரில் குறைந்தது 15 செ.மீ. மேலேற்றுங்கள். தளத்தின் சாய்வு 100-க்கு 1, அதாவது ஒரு மீட்டருக்கு 10 மி.மீ. இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் மேல் எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை; முதலில் பள்ளத்தை நிரப்பிச் சாய்வைத் திருத்துங்கள்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் சுமார் ஒரு மீட்டர் உயரம்வரை வந்து, உப்புப் பூத்து, காரையைப் பெயர்க்கும். இங்கேதான் மிக அதிகமான பணம் வீணாகிறது என்பது எங்கள் கருத்து. உள்பக்கம் நீர்புகாப் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். செய்ய வேண்டியது வேறு. வெளியே சுவரோரம் மண் உயர்ந்திருந்தால் வெட்டி இறக்கி, தண்ணீரைச் சுவரைவிட்டு விலக்குங்கள். உள்ளே ஈரக்கோட்டுக்கு மேல் 50 செ.மீ. வரை பூச்சை உடைத்தெடுத்து, செங்கல் இணைப்புகளை 10 முதல் 15 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பை உலர் பிரஷால் தட்டி அகற்றுங்கள். கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பிறகு சுவரைக் காயவிடுங்கள். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானக்காரர்களின் பொதுக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் முழுதாக உலர ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். அதனால் இந்தச் சுவரின் காரையை முதல் வாரத்திலேயே உடைத்துவிட்டு, மற்ற வேலைகளைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குக் கெட்டியான சிமெண்ட் பூச்சு ஒத்துவராது. ஈரத்தைப் பூட்டிவைத்துச் செங்கல்லையே உதிர்க்கும். அங்கே சுண்ணாம்புப் பூச்சே சரி.

பெயர்ந்த கான்கிரீட்

கூரைத் தளத்தின் அடியில் கம்பி தெரிந்தால் பூசி மறைக்கத் தோன்றும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. துருவோடு மூடினால் புதுப் பூச்சும் தலையில் விழும். முட்டுக்கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தளர்ந்த கான்கிரீட்டை உடைத்து, கம்பிக்குப் பின்னாலும் சுமார் 20 மி.மீ. இடம் விட்டு, கம்பிப் பிரஷால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். கம்பி தேய்ந்து மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பதைப் பொறியாளர்தான் தீர்மானிக்க வேண்டும். பிறகு துருத்தடுப்புப் பூச்சு, பிணைப்புத் திரவம், பாலிமர் கலந்த சாந்து மெல்லிய அடுக்குகளாக. இதை நீங்களே செய்ய முயலாதீர்கள். ஆனால் கம்பி தேய்க்கப்பட்டதை நேரில் பார்க்காமல் சாந்து வைக்க அனுமதிக்கவும் வேண்டாம்.

சுவரை எடுத்து அறையைப் பெரிதாக்குவதற்கும் இதே விதி. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பதைத் தட்டிப் பார்த்தோ தடிமனைப் பார்த்தோ முடிவுசெய்யக்கூடாது. பொறியாளரின் கருத்து எழுத்தில் வேண்டும்.

இரண்டு பேர், ஒரு குரல்

காலையில் ஒருவர் “ஸ்விட்ச் இங்கே” என்று சொல்லி, மாலையில் மற்றவர் “அங்கே” என்றால், எலக்ட்ரீசியன் இரண்டு இடத்திலும் சுவரில் கம்பி பதிக்கும் பள்ளமான காடி வெட்டுவார். அதற்கான கூலி உங்கள் கணக்கில்தான். எனவே பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். குழாயும் மின்சாரமும் ஒருவர், பூச்சும் தரையும் மற்றவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியின் வேலையாட்களிடம் அவர் மட்டுமே பேச வேண்டும். மற்றவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் மாலையில் தனியே சொல்லட்டும்.

கருத்து ஒத்துப்போகாத இடத்தில் நாங்கள் சொல்லும் வழி இது: திரும்ப மாற்ற முடியாத விஷயங்களில் இருவரும் சம்மதிக்காமல் வேலை நகரக்கூடாது. சுவரை எடுப்பது, ஜன்னல் இடம், கழிவறை இடம், கழிவுநீர்க் குழாய் செல்லும் பாதை ஆகியவை அந்த வகை. பெயிண்ட் நிறம், கைப்பிடி, விளக்கு போன்றவற்றில் பொறுப்பாளர் சொல்வதே முடிவு.

மொத்தத் திட்டத்தொகையில் 15 முதல் 20 சதவீதத்தை மறைந்திருக்கும் பழுதுகளுக்கென்று தனியே ஒதுக்குங்கள். நல்ல டைல்ஸைப் பார்த்து இதில் கை வைப்பவர்கள் கூரையில் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் மற்றவரைக் கேட்காமல் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பையும் முன்பே பேசிவிடுங்கள். கூலியை நாள் கணக்கில் கொடுக்காமல், முடிந்த கட்டத்துக்கு ஏற்பக் கொடுங்கள்.

வேலை நடக்கும் வீட்டிலேயே குடியிருந்தால், முதலில் ஓர் அறையைத் தூசியின்றிச் சுத்தமாக்கிக் கதவை மூடி வைத்திருங்கள். அங்கே சிமெண்ட் மூட்டையும் நுழையக்கூடாது, வேலைப் பேச்சும் நுழையக்கூடாது.

காடி வெட்டும் முன்

கட்டில், அலமாரி, மேசை, அடுப்பு, துணிதுவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் நிஜ அளவில் தரையிலும் சுவரிலும் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். ஸ்விட்ச், பிளக், குழாய்முனை இடங்களை அதன்பிறகே குறியுங்கள். ஒரு மாலை முழுதும் இதற்குப் போனாலும் நல்லதே.

காடியின் ஆழத்துக்கு வரம்பு உண்டு. செங்குத்தான காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கும் தாண்டக்கூடாது. 115 மி.மீ. சுவரில் செங்குத்தாக 38 மி.மீ. கிடைக்கும், 25 மி.மீ. மின்கம்பிக் குழலும் அதன்மேல் 12 மி.மீ. சாந்தும் அடங்கிவிடும். கிடைமட்டமாக 19 மி.மீ.தான், குழல் அடங்காது. அதனால் மெல்லிய சுவரில் கம்பியைத் தரையிலோ கூரையோரமோ கொண்டுபோய்ச் செங்குத்தாக இறக்கச் சொல்லுங்கள்.

220–240 வோல்ட் வீடுகளில் விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, சாதாரணப் பிளக்குக்கு 2.5, வாட்டர் ஹீட்டருக்கும் ஏசிக்கும் அவற்றின் சுமையைப் பொறுத்து 4 அல்லது அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. (மின்சுமை மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்). அது கம்பியைத்தான் காக்கும்; ஆளைக் காக்க, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். இணைப்பு வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனுடையது.

100 மி.மீ. கழிவுநீர்க் குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு கொடுத்தால் அடைப்பு குறையும். குழாய்களை மூடும் முன் அழுத்தச் சோதனை செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நாளை ஆணி அடிக்கும்போது உதவும்.

பூச்சுக் கணக்கு

உள்சுவருக்கு 12 மி.மீ. தடிமன், சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து கலவை என்று எடுத்துக்கொள்வோம். 10 சதுர மீட்டருக்கு 0.12 கன மீட்டர் ஈரச் சாந்து. மேடுபள்ளத்துக்கு 30 சதவீதம் கூட்டினால் 0.156. உலர்ந்த அளவுக்கு 1.33-ஆல் பெருக்கினால் 0.207. அதில் ஆறில் ஒரு பங்கு சிமெண்ட், அதாவது ஏறத்தாழ 50 கிலோ மூட்டை ஒன்று. மணல் சுமார் 6 கன அடி. பழைய சுவர் வளைந்திருந்தால் இதைவிடக் கூடும்.

பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடத்தில், காடியை மூடும் இடத்தில், இரு பக்கமும் 7 முதல் 10 செ.மீ. படியும்படி கம்பிவலை அடிக்காவிட்டால் அந்தக் கோட்டில் கட்டாயம் வெடிக்கும். பூசும் முன் சுவரை நனையுங்கள், இல்லையேல் செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். சுவரில் தண்ணீர் வழியும் நிலையிலும் பூசக்கூடாது. கலந்த சாந்தை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகியதில் தண்ணீர் ஊற்றி மறுபடி கிளறியது சுவரில் நிற்காது. அடுத்த ஏழு நாள் பூச்சு காயாமல் நனைப்பது உங்கள் இருவர் பொறுப்பு. கொத்தனார் போனபின் கவனிப்பாரின்றிப் போகும் வேலை இதுதான்.

குளியலறை, தரை

மூலைகளில் நாடா ஒட்டி, நீர்க்காப்பை இரண்டு கோட் அடியுங்கள். இரண்டாவது கோட் முதலாவதற்குக் குறுக்காக. சுவரில் 30 செ.மீ., ஷவர் பக்கம் 1.8 மீட்டர் உயரம். காய்ந்தபின் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைகிறதா, கசிந்து குறைகிறதா என்று சந்தேகம் வரும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து இரண்டிலும் கோடு போடுங்கள். தரையின் மட்டம் பாத்திரத்தைவிட அதிகமாக இறங்கினால் கசிவு. இந்தச் சோதனை முடியாமல் டைல்ஸ் ஒட்டக் கூடாது.

டைல்ஸில் 10 சதவீதம் கூடுதலாக, ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். 3.6 × 3.3 மீட்டர் அறைக்கு 60 செ.மீ. டைல்ஸ் 33 வேண்டும், 37 வாங்கலாம். சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி விடாமல் இறுக்கி ஒட்டினால் வெப்பத்தில் நடுவே கிளம்பும். ஒருவர் பசை கலந்து தடவ, மற்றவர் வைத்து ரசமட்டம் பார்த்தால் வேகம் வரும். மறுநாள் சுத்தியல் பிடியால் தட்டி, வெற்றோசை வருவதைச் சந்து நிரப்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

பெயிண்ட்

புதுச் சிமெண்ட் பூச்சுக்கு 28 நாள் காத்திருங்கள். அதற்கு முன் அதன் காரத்தன்மை நிறத்தைத் தின்றுவிடும். மெல்லிய இரண்டு கோட் பட்டி, தேய்ப்பு, பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட். பட்டியைத் தேய்க்கும்போது விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். ஒருவர் விளக்கு, ஒருவர் உப்புத்தாள், இருவருக்கும் மாஸ்க். கூரையில் தொடங்கிச் சுவருக்கு இறங்குங்கள். மிச்சமான பெயிண்ட் டப்பாவின் மூடியில் அறையின் பெயரையும் நிற எண்ணையும் எழுதி, மீந்த டைல்ஸோடு சேர்த்து வையுங்கள்.