வட்டம் கறுத்தால் நல்லதா? கப்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் கருஞ்சிவப்பு வட்டங்களைப் பார்த்த பிறகுதான் தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சும் சிகிச்சையான கப்பிங்கின் பெயரே பலருக்குத் தெரியவந்தது. முறை என்னவோ மிகப் பழையது. கொம்பையும் சுரைக்குடுவையையும் தோலில் பொருத்தி இரத்தம் உறிஞ்சுவதைப் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை சொல்கிறது. அரபு, யுனானி மரபில் இதுவே ஹிஜாமா. கொம்பு போய்க் கண்ணாடி வந்தது. இப்போது பம்ப் வைத்த பிளாஸ்டிக் கிண்ணமும் வந்துவிட்டது. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்தால் தோல் மேலே இழுபடும், அவ்வளவுதான் சூட்சுமம். தோலைக் கீறாமல் செய்தால் உலர் கப்பிங். லேசாகக் கீறி இரத்தம் எடுத்தால் ஈரக் கப்பிங்.

செய்துகொள்பவர்கள் இழைக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த வட்டத்தைத் தப்பாகப் படிப்பதில்தான் தொடங்குகின்றன. வட்டம் கறுக்கக் கறுக்க உடம்பிலிருந்த நச்சு வெளியே வந்துவிட்டதாக நம்புகிறார்கள். உண்மையில் அது கன்றிப்போன தோல். உறிஞ்சலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து, கசிந்த இரத்தம் தோலுக்கடியில் தேங்குகிறது. கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு கன்றிப்போனால் அங்கே நச்சு இறங்கியதாக யாரும் சொல்வதில்லையே! கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வட்டத்தின் நிறம் உறிஞ்சலின் வேகத்தையும், கிண்ணம் இருந்த நேரத்தையும், அவரவர் தோலையும் பொறுத்தது.

இந்த நம்பிக்கையின் அடுத்த படி, “இன்னும் ஐந்து நிமிடம் இருக்கட்டும்” என்று கேட்பது. பொதுவாக 5 முதல் 10 நிமிடமே வைப்பார்கள். கிண்ணத்துக்குள் கவனித்துப் பாருங்கள்: தோல் குமிழாக உப்பி நிற்கும், முதலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், பிறகு ஊதா படரும். அதன்மேல் முத்து முத்தாக நீர் கோத்தால் கொப்புளம் தொடங்கிவிட்டது; கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அதையும் வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. வால்வைத் திறக்க வேண்டும், அல்லது விளிம்போரத் தோலை விரலால் அழுத்திக் காற்றை உள்ளே விட வேண்டும். வட்டம் மறையச் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகலாம். மறையாத இடத்தில் மறுபடி கிண்ணம் வைப்பது ஆறாத புண்ணைக் கீறுவதற்குச் சமம்.

ஈரக் கப்பிங்கில் இதே தவறு வேறு உருவில் வரும். கிண்ணத்தில் கறுத்து, கூழாகத் திரண்டு கிடப்பதைக் காட்டி “எவ்வளவு கெட்ட இரத்தம் பாருங்கள்” என்பார்கள். உடம்பை விட்டு வெளியே வந்த எந்த இரத்தமும் சில நிமிடங்களில் உறைந்து அப்படித்தான் திரளும். ஓய்வில் இருக்கும்போதே சுமார் ஒரு நிமிடத்தில் உடலைச் சுற்றிவந்துவிடும் இரத்தத்தில், கெட்டது மட்டும் முதுகின் ஓரிடத்தில் ஒதுங்கி நிற்க வழியில்லை. “கெட்டது முழுவதும் போகட்டும்” என்று அடிக்கடி எடுத்துக்கொண்டு, இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகையில் விழுந்தவர்கள் உண்டு.

சுத்தத்தில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். இரத்தம் பட்ட கிண்ணத்தைக் கழுவி அடுத்தவருக்கு வைப்பது போதாது. பிளேடும் கிண்ணமும் புதிதாக உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும், வேலை முடிந்ததும் அப்புறப்படுத்தப்பட வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

சாப்பிடும் மருந்தைச் சொல்லாமல் போய்ப் படுப்பது இன்னொரு தவறு. வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இரத்தம் எளிதில் நிற்காது. அதற்காக அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்து. நிறுத்த வேண்டியது கப்பிங்கைத்தான். இரத்தசோகை, இரத்தம் உறையாத நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. புண், படை, புடைத்த நரம்பு, கழுத்தின் பக்கவாட்டு ஆகியவற்றின்மேல் கிண்ணம் வைக்கக் கூடாது. சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய் உள்ளவர்களுக்குக் காயம்பட்ட இடத்தில் புதிய படைகள் கிளம்பலாம்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி வீட்டிலேயே செய்து பார்ப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தீக்காயம்தான் மிச்சம். முடிந்தவுடன் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். சற்றுப் படுத்திருந்து எழுந்திருங்கள்.

கழுத்து வலி, இடுப்பு வலியில் சில நாள் இதமளிப்பதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. கிண்ணம் வைத்தது நோயாளிக்கே தெரிந்துவிடுவதால், எவ்வளவு குணம் கிண்ணத்தினுடையது, எவ்வளவு நம்பிக்கையினுடையது என்று பிரித்தறிவது கடினம். இதமாக இருந்தால் இருக்கட்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு அது மாற்றாகாது. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, நெஞ்சிலிருந்து இடது தோளுக்குப் பரவும் வலி: இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதுகு வட்டங்களை மறைக்காமல், என்றைக்குச் செய்தது, உலர்ந்ததா ஈரமா என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் அடிபட்ட காயத்துக்கோ இரத்த நோய்க்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்.