பழைய கல் ப்ரோச்: கழுவும் முன் திருப்பிப் பாருங்கள்

1900-க்கும் 1915-க்கும் இடையில் பிரிட்டனிலோ பிரான்ஸிலோ செய்த கல் ப்ரோச் (ஆடையில் குத்தும் ஊசிநகை) ஒன்று கைக்கு வந்தால், முதலில் முதுகைப் பாருங்கள். வயசு, உலோகம், யாரோ பழுது பார்த்த சுவடு எல்லாம் பின்பக்கத்தில்தான் கிடைக்கும். தண்ணீர் காட்டலாமா கூடாதா என்பதும் அங்கேதான் தெரியும். 10 மடங்கு லென்ஸ் ஒன்றும் நல்ல வெளிச்சமும் போதும். மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள்; கல் உதிர்ந்தால் உருண்டு ஓடாது.

உலோகமும் முத்திரையும்

அந்தக் காலத்து நல்ல வேலைகளில் முன்பக்கம் மெல்லிய பிளாட்டினம், பின்பக்கம் தங்கம். ஓரத்தை லென்ஸில் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு அடுக்கு தெரியும். வெள்ளை அடுக்கு கறுத்திருந்தால் அது வெள்ளி. பெரும்பாலும் 1900-க்கு முந்தைய வழக்கம். முதல் உலகப் போரில் பிளாட்டினம் ராணுவத் தேவைக்குத் திரும்பியது. வெள்ளைத் தங்கம் பரவலானது அதற்குப் பிறகுதான்.

தங்கத்தில் '15' அல்லது '.625' என்று இருந்தால் 15 காரட். பிரிட்டன் அந்தத் தரத்தை 1932-இல் கைவிட்டதால், காலம் கணிக்க இது நல்ல பிடி. பிரெஞ்சு 18 காரட் தங்கத்தில் கழுகுத் தலையும், பிளாட்டினத்தில் 1912 முதல் நாய்த் தலையும் இருக்கும். பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு அதிகாரபூர்வ முத்திரை வந்ததே 1975-இல். ஆகவே முத்திரை இல்லாதது குறையல்ல. பிரிட்டனின் பிளாட்டின முத்திரை பளிச்சென்று இருக்கும் ஒன்றை 1910-இல் செய்தது என்று விற்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஊசியும் கொக்கியும்

ஆங்கில 'சி' எழுத்துபோல் வளைந்த வெறும் கம்பிக் கொக்கி பழைய வகை. அதில் ஊசி முனை நகையின் ஓரத்தைத் தாண்டி நீண்டிருந்தால் இன்னும் பழசு. சுழற்றி மூடும் பூட்டுக்கொக்கி 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பரவியது. ஆனால் கொக்கியை மட்டும் வைத்து வயசு சொல்லாதீர்கள். அதிகம் மாற்றப்படும் உறுப்பே அதுதான். கொக்கியின் அடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் திட்டாக ஏதாவது படிந்திருக்கிறதா? அது ஈயப்பற்று, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டிய பழுது. விலையைக் குறைக்கும் குறை அது. பழுது பார்க்கும்போது ஆபத்தும்கூட.

கற்கள்

பழைய பட்டை வைரத்தின் மேல்முகம் சிறியது, உச்சி உயரம். நேராக உள்ளே பார்த்தால் நடுவில் சின்ன வட்டம் ஒன்று தெரியும். கீழ்முனையைக் கூராக்காமல் தட்டையாக வெட்டிய இடம் அது. எல்லா வைரமும் இன்றைய வெட்டாக இருந்தால் கற்கள் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது நகையே புதுசாக இருக்கலாம்.

மாணிக்கத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-இல் அறிவித்தார். சில ஆண்டுகளிலேயே அது நகைப் பட்டறைகளுக்குள் வந்துவிட்டது. அசல் வைரத்தோடு சேர்த்தே பதித்தார்கள். ஆகவே செயற்கைக் கல் இருப்பதால் நகை போலி ஆகிவிடாது, விலைதான் மாறும். லென்ஸில் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரிந்தால் செயற்கை. இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணம் திரும்பி ஓடும். புறஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்வதை நம்ப வேண்டாம். இயற்கையான பர்மா மாணிக்கமும் அப்படித்தான் ஒளிரும். சிலோன் நீலக்கல் என்று சொல்லி விற்றாலும் சோதனை இதேதான்.

பக்கவாட்டில் சாய்த்தும் பாருங்கள். கல்லின் மேல்பாதியில் ஒரு கோட்டுக்கு மேலே ஒரு பளபளப்பு, கீழே வேறு பளபளப்பு என்றால், கண்ணாடிமேல் கார்னெட் என்ற கல்லின் சில்லை ஒட்டிய இரட்டைக் கல்.

சுத்தம்

மூன்று வகையைத் தண்ணீரில் கழுவவே கூடாது. கல்லின் முதுகை உலோகம் மூடியிருந்தால் உள்ளே வெள்ளித் தகடு இருக்கலாம். ஈரம் புகுந்தால் அது கறுத்து, கல்லும் செத்துவிடும். பாதியாக அறுத்த முத்துகள் பசையால் ஒட்டப்பட்டவை, ஊறினால் கழன்றுவிடும். ஓப்பலும் டர்க்காய்ஸும் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. இவற்றைச் சற்றே ஈரமான பருத்தித் துணியால் முன்பக்கம் மட்டும் ஒற்றுங்கள்.

முதுகு திறந்த வைரம், நீலக்கல், மாணிக்கம் என்றால்:

1. முன்பக்கத்தின்மேல் நைலான் காலுறை ஒன்றை மெதுவாக இழுங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே கல்லின் பிடி தூக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கழுவாதீர்கள்.
2. 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் 2 அல்லது 3 சொட்டு. நகையை முக்க வேண்டாம், தூரிகையைத்தான் நனைக்க வேண்டும். ஓவியர் பயன்படுத்தும் மென்மயிர்த் தூரிகை நல்லது.
3. பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வைரம் மங்குவது பெரும்பாலும் அதன் அடிப்பட்டைகளில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கால்தான். இறுகிய அழுக்கை மரப் பல்குச்சியால் எடுங்கள், குண்டூசி வேண்டாம்.
4. நல்ல தண்ணீரில் நனைத்த தூரிகையால் இரண்டு முறை அலசி, துணியால் ஒற்றி, ஒரு இரவு காயவிடுங்கள். கீலில் ஈரம் தங்கினால் பிற்காலத்தில் மாற்றிய எஃகு ஊசி துருப்பிடிக்கும்.

வாஷ்பேசின்மேல் வைத்துச் செய்யாதீர்கள், கிண்ணத்தின்மேல் செய்யுங்கள். மரகதத்தில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெந்நீரும், ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியும் அதற்கு எமன். வீட்டில் வெள்ளிக்குப் பூசும் திருநீறும் பற்பசையும் இங்கே வேண்டாம், இரண்டும் தேய்ப்பவை. கல்லின் விளிம்பைச் சுற்றி முத்துமுத்தாக மணி கோத்தது போன்ற நுண்ணிய வரிசை ஒன்று லென்ஸில் தெரியும். அந்தக் காலத்தின் கைவேலை அதில்தான் இருக்கிறது. பாலிஷ் சக்கரத்தில் ஒரு முறை பிடித்தால் மழுங்கிப் போகும்.

பழுதும் அணிவதும்

ஊசி விறைப்பாக இருக்க வேண்டும்: கொக்கியிலிருந்து விடுவித்தால் தானே 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லையென்றால் கீலருகே மடக்கி நிமிர்த்தாதீர்கள், பழைய ஊசி அங்கேதான் ஒடியும். ஆசாரியிடம் கொடுக்கும்போது ஈயப்பற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் இருக்கும் இடத்தில் பொடி வைத்து ஊதினால் (தீச்சுடரால் பற்றவைத்தால்) ஈயம் தங்கத்துக்குள் ஊறி அரித்துக் குழியாக்கிவிடும். ஈயத்தை முழுக்க எடுத்த பிறகு லேசர் பற்றவைப்பு நல்லது. சூடு ஒரு புள்ளியில் நிற்பதால் பெரும்பாலும் கல்லைக் கழற்ற வேண்டியதில்லை. வெள்ளையாகப் பளபளக்க வைக்கும் ரோடியம் என்ற உலோகப் பூச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய ஊசி தடிமன். மெல்லிய பட்டில் குத்தினால் ஓட்டை நிற்கும். கோட்டின் காலர் மடிப்பு உத்தமம். புடவை என்றால் தோள் மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து, உள்ளே சிறு ஃபெல்ட் துண்டு வைத்துக் குத்துங்கள். வாசனைத் திரவியமும் முடி ஸ்பிரேயும் முதலில், ப்ரோச் கடைசியில்.