கெண்டைக்கால் சதை கிழிந்தால்: மறுபடி வல்லம் தள்ளும் வரை

வல்லத்தை (நாட்டுப்படகை) மணலில் தள்ளும்போதோ கரைவலைக் கயிற்றை இழுக்கும்போதோ, பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்ததுபோல் கெண்டைக்காலில் சுரீரென்று வலிக்கும். பெரும்பாலும் கிழிவது கெண்டைச்சதையின் உட்பக்கம். இளகிய மணலில் குதிகால் விரல்களைவிடக் கீழே புதைகிறது. நன்றாக இழுபட்டிருக்கும் சதை அதே நொடியில் முழு பாரத்தையும் உந்தும்போது நார்கள் அறுகின்றன. விசைப்படகில் போகிறவர்கள் ஜூன் 15-க்குப் பிந்தைய நாட்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஓய்ந்திருந்த கால் அது.

முதலில் ஒரு சோதனை. பாதம் வெளியே தொங்கும்படி கட்டிலில் குப்புறப் படுங்கள். ஒருவர் கெண்டைச்சதையை மெதுவாக அமுக்கினால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள எலும்பு மருத்துவரிடமோ போய்விடுங்கள். அடியே படாமல் கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை உருவவே கூடாது, கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

சதைக்கிழிவுதான் என்றால், முதல் 3 நாள் எண்ணெய் போட்டு உருவுவது, வெந்நீர் ஒத்தடம், காலை நீட்டி இழுப்பது, மது எதுவும் வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு நிற்பதற்குள் உருவினால் கிழிசல் பெரிதாகும். சுளுக்கு எடுப்பவரிடம் ஓடும் அவசரத்தால்தான் சின்னக் கிழிவுகூட மாதக் கணக்கில் இழுக்கிறது.

மீன் ஐஸே போதும். உடைத்து பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத் துண்டில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். உப்புக் கலந்த ஐஸ் இன்னும் குளிரானது, தோலைப் புண்ணாக்கிவிடும். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள். படுக்கும்போது அவிழ்த்துவிட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். பழைய ரப்பர் செருப்பில் 1 செ.மீ. கனத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, இரு செருப்பிலும் குதிகாலுக்கு அடியில் ஒட்டினால் சதை இழுபடாது. வெறுங்காலில் மணலில் நடக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கணுக்கால் பக்கம் நீலம் இறங்கினால் பயப்பட வேண்டாம், கசிந்த ரத்தம்தான் கீழே வருகிறது.

நான்காம் நாளிலிருந்து, வலி தாங்கும் அளவுக்குக் கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். சமதரையில் நொண்டாமல் நடக்க வந்ததும், உட்கார்ந்தபடி முழங்கால்மேல் 5 லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக் குதிகாலை உயர்த்துங்கள், 15 முறை வீதம் 3 தடவை. இது ஆழத்தில் உள்ள சதைக்கான பயிற்சி, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அது எளிதானதும் வல்லத்தின் அணியத்தை (முன்பக்கத்தை) பிடித்து நின்று, இரு குதிகாலையும் உயர்த்தி எம்பி, 3 நொடி எடுத்து இறங்குங்கள். பிறகு ஒற்றைக் காலில். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

லேசான கிழிவு 1 முதல் 3 வாரத்தில் ஆறும். நடுத்தரக் கிழிவுக்கு 4 முதல் 8 வாரம், முழுக் கிழிவுக்கு பல மாதம். ஆனால் நாளை எண்ணாதீர்கள், வலி போனதையும் நம்பாதீர்கள். வலி முதலில் போய்விடும், பலம் பிறகுதான் வரும். அடிபட்ட காலில் மட்டும் நின்று 20 முதல் 25 முறை, மற்றக் காலுக்குச் சமமான உயரம் எம்ப முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகே மணலில் ஓட்டம், கபடி, வல்லம் தள்ளுதல். அலையோர ஈரமணல் சாய்வாக இருக்கும், ஒரே காலில் பாரம் விழும். அதனால் முதலில் தார்ச்சாலையில் நடந்து பழகுங்கள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் வல்லம் தள்ளுவதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வலை வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.