முதியவர்களிடம் நேர்காணல்: டர்பன் முதுகலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனில் சமூகவியலோ வரலாறோ படிக்கும் தமிழ் மாணவர்கள் பலரும், ஆய்வேட்டுக்காக முதலில் நாடிச் செல்வது அந்நகரின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாழும் தம் உறவினரான முதியவர்களைத்தான். உறவு வாசலைத் திறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த உறவே தரவைக் கெடுக்கவும் செய்யும். 'இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதானே' என்று ஆயா பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார், நாமும் தலையாட்டிவிடுவோம். ஆகவே, தெரிந்ததையும் தெரியாதவர்போல் கேட்டு, விடையை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் எழுத்துவழி அனுமதி கிடைக்கும்வரை எவரிடமும் நேர்காணல் எடுக்கக்கூடாது. இனம், சமயம், உடல்நலம் பற்றிய விவரங்களைத் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறப்புத் தகவல்களாகக் கருதுவதால், ஒலிப்பதிவை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஆவணத் தயாரிப்பு. இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்ததிலிருந்து 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவரின் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் முதலியவை பதிவாகியுள்ளன. காதில் விழுந்ததை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டதால் ஒரே பெயர் பல வடிவங்களில் இருக்கும். பெயரை மட்டும் நம்பாமல் ஊரையும் தந்தை பெயரையும் சேர்த்தே தேடுங்கள். 'தாத்தா வியாபாரம் செய்ய வந்தவர்' என்று குடும்பம் சொல்ல, பட்டியல் அவரை ஒப்பந்தக் கூலியாகக் காட்டலாம். அந்தத் தாளை முதியவர்முன் நீட்டி அவரைத் திருத்தப் பார்ப்பது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து. குடும்பம் ஏன் அப்படி நினைவுகூர்கிறது என்பதே உங்கள் ஆய்வுக்குரிய கேள்வி.

கேள்விகளில் விடை ஒளிந்திருக்கக் கூடாது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த, 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் காடோ மேனர் பகுதியை விட்டு வெளியேற நேர்ந்த ஒருவரிடம், 'அப்போது மிகவும் வேதனைப்பட்டீர்களா?' என்று கேட்டால், 'ஆமாம்' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். 'அந்த வீட்டு அடுப்படியில் நின்றால் வெளியே என்னென்ன தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். முருங்கை மரமும் அண்டை வீட்டாரும் லாரி வந்த காலையும் ஒவ்வொன்றாக வெளிவரலாம். இடையில் அவர் மௌனமானால், அடுத்த கேள்வியை வீசாமல் காத்திருங்கள்.

களக்குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். படியெடுக்கும்போது, ஆங்கிலப் பேச்சின் நடுவே வரும் தமிழ், ஜூலுச் சொற்களை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். ஏட்டுத் தமிழுக்கு மாற்றினால், இம்மண்ணில் தமிழ் அடைந்த மாற்றத்தின் சான்று அழிந்துபோகும். குறியீடு இடத் தொடங்குமுன், அதாவது பேச்சைக் கருப்பொருள்வாரியாக வகைப்படுத்துமுன், படியெடுத்ததை அவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டி, அவர் வேண்டாமென்று சொல்லும் வரிகளை அவர் கண்முன்னே அடித்துவிடுங்கள்.