யோத்தா கால்வாய்க்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சுவீடனின் யோத்தா கால்வாயைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் தவறை டிக்கெட் எடுக்கும்போதே செய்துவிடுகிறார்கள். கோத்தென்பர்க்கில் இறங்கினால் கால்வாய் எதிரிலேயே இருக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே ஓடுவது யோத்தா ஆறு. கால்வாய் உள்நாட்டில், வேனெர்ன் ஏரிக்கரையில் உள்ள ஷோதோர்ப்பில் தொடங்கி, பால்டிக் கடலோரம் மெம்மில் முடிகிறது. மொத்தம் 190 கிலோமீட்டர், 58 நீர்ப்பூட்டுகள் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும், இரு பக்கமும் கதவுள்ள அறைகள்). எல்லாவற்றையும் காரில் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். லின்ஷோப்பிங் பக்கத்தில் இருக்கும் பெர்ய் ஒன்றே அரை நாளுக்குப் போதும்.

அங்கே ஏழு நீர்ப்பூட்டுகள் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. நாலு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவதுதான் பெரிய தவறு என்பேன். ஒரு படகு கீழிருந்து மேலே வந்து சேரும்வரை கூடவே நடங்கள். பின்னால் கதவு மூடும், முன்கதவின் மதகு வழியே தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாயும், பாசி படிந்த சுவரை ஒட்டிப் படகு மெல்ல மெல்ல எழும். ஏழும் ஏறினால் சுமார் 19 மீட்டர் உயரம். முழுக் கால்வாயையும் வெட்டும் வேலை 1810 முதல் 1832 வரை நடந்தது. பெரும்பாலும் படைவீரர்கள்தான், மண்வெட்டியால் 87 கிலோமீட்டர் தோண்டினார்கள்; மீதித் தூரம் இயற்கையான ஏரிகள் வழியாகப் போகிறது. முன்னின்று நடத்திய பால்ட்சார் ஃபோன் பிளாட்டன் 1829-லேயே இறந்துவிட்டார். முழுக் கால்வாயையும் அவர் பார்க்கவே இல்லை. கால்வாய் வழியில் உள்ள மூத்தாலா ஊரில் கரையோரமாகவே அவர் கல்லறை இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வாடகைப் படகு எடுப்பவர்களுக்கு ஒன்று. நீர்ப்பூட்டில் படகு கீழே இறங்கும்போது, கரையோடு பிணைக்கும் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. தண்ணீர் வடிய வடியக் கயிற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் படகு கயிற்றில் தொங்கும். ஏறும்போது இதற்கு நேர்மாறு, தளர்வதை உடனுக்குடன் இழுக்க வேண்டும்.

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான் முக்கிய சீசன். அதற்கு முன்னும் பின்னும் படகில் போக முன்பதிவு வேண்டும். குளிர்காலத்தில் கால்வாயில் படகே ஓடாது.

அப்புறம், சோடர்ஷோப்பிங்கைச் சாப்பாட்டுக்கு நிற்கும் ஊராக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது இடைக்காலத்திலேயே பெயர் பெற்ற வணிக நகரம். பழைய மரவீட்டுத் தெருக்களில் நடந்துவிட்டு, ராமுண்டர் குன்றில் ஏறிப் பாருங்கள். காலடியிலேயே கால்வாய் போகும். வெள்ளைப் பாய்மரப் படகுகள் ஊரை உரசியபடி நகர்வது மேலிருந்து அவ்வளவு அழகு.