வேலையில் காயம்பட்டால் இழப்பீடு கேட்பது எப்படி? லைன்மேன், ஆம்புலன்ஸ், தூய்மைப் பணியாளர்களுக்கான செய்முறை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தை அடித்துப் போட்டபோது, சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்த வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கம்பி இழுத்தவர், ரப்பர் மரத்தை அறுத்து வழிவிட்டவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர், சாக்கடை அள்ளியவர் எல்லோரையும் அப்போது கையெடுத்துக் கும்பிட்டோம். அவர்களில் ஒருவருக்குக் கை போனால் யார் பணம் தருவது என்று கேட்டால் மட்டும், "காண்ட்ராக்டரைப் போய்ப் பாரு" என்பதுதான் பதில்.

அந்தப் பதிலோடு திரும்பி வரவேண்டியதில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் காகிதம் வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே வேண்டும்.

படி 1: உங்களுக்கு எந்தச் சட்டம்?

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே விபத்தில் காயம்பட்ட மூன்று பேருக்கு மூன்று வேறு சட்டங்கள் பொருந்தலாம்.

தீயணைப்புத் துறை, காவல் துறையில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் அரசுப் பணி விதிகளின்படி போகவேண்டும். கடமையில் பட்ட காயத்துக்குச் சிறப்பு இயலாமை விடுப்பு என்று தனியாகவே ஒன்று உண்டு. அதைக் கேட்காமல், கையிலிருக்கும் மருத்துவ விடுப்பை எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் 2ஆம் படி மட்டும் போதும்.

தனியார் நிறுவனம் அல்லது ஒப்பந்த நிறுவனம் மூலம் வேலை செய்பவர்கள் முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்துக்கான பிடித்தம், இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால், ஈ.எஸ்.ஐ பொருந்தும் இடங்களில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். ஈ.எஸ்.ஐ உள்ளவருக்குத் தற்காலிக இயலாமைக் காலத்தில் சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் பட்ட காயம் என்றால் இத்தனை மாதம் பணம் கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. ஆனால் ஈ.எஸ்.ஐ வழியில் போனால், அதே காயத்துக்கு முதலாளியிடம் தனி இழப்பீடு கேட்கமுடியாது.

ஈ.எஸ்.ஐ இல்லையா? அப்படியானால் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, இதன் சாரம் அதற்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய விபத்து என்றால் பழைய சட்டம்தான். மனுவில் சட்டத்தின் பெயரைச் சரியாகப் போட விபத்துத் தேதியைப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்களுக்கும் உடன் செல்லும் டெக்னீசியன்களுக்கும் இன்னொரு வழியும் உண்டு. சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், இழப்பீட்டு ஆணையரிடமும் (இந்த மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி) போகலாம். இரண்டிலும் கேட்கமுடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். என் கருத்து இது: எதிரே வந்த வண்டி மீது தவறு தெளிவாக இருந்தால் தீர்ப்பாயத்தில் தொகை கூடும் வாய்ப்பு அதிகம். நோயாளியை வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் நெரிசலில் திரும்பும்போது உங்கள் கையிலேயே தவறு நடந்திருந்தால், ஆணையரிடம் போவது நல்லது. அங்கே யார் கவனக்குறைவு என்ற கேள்வி பொதுவாக எழாது. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுவது போன்றவைதான் விலக்கு. உயிரிழப்புக்கும் முழு நிரந்தர இயலாமைக்கும் அந்த விலக்கும் கிடையாது.

படி 2: முதல் வாரத்துக் காகிதங்கள்

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியோ, எங்கே கொண்டுபோனாலும் அடிபட்டது எப்படி என்று முதலில் கேட்டு எழுதுவார்கள். அந்த விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், "வேலை செய்யும்போது கம்பத்திலிருந்து விழுந்து" என்று இருக்கவேண்டும். வெறும் "கீழே விழுந்து" என்றிருந்தால் பின்னால் அதை வைத்தே வழக்கை உடைப்பார்கள். "மக்கா, செலவெல்லாம் நான் பாத்துக்கிடுதேன், வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு மட்டும் சொல்லிரு" என்று மேஸ்திரி காதில் ஓதினால், பாசத்தில் தலையாட்டிவிடாதீர்கள்.

பிறகு ஏ.ஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். சிகிச்சைச் செலவையும் முதலாளி தரவேண்டும் என்று 2009 திருத்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள், ஆகவே பில்லைக் கசக்கி எறியாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீதோ (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) எப்.ஐ.ஆர் நகலோ வாங்குங்கள்.

வேலை செய்ததற்கான ஆதாரமும் வேண்டும். அடையாள அட்டை, வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம், வருகைப் பதிவேட்டின் படம், அன்றைக்கு எங்கே போகச் சொன்னார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி, எல்லாம் உதவும். கையில் ரொக்கமாகக் கூலி வாங்குபவர்களுக்கு அந்த வாட்ஸ்அப் செய்திதான் பல நேரங்களில் ஒரே ஆதாரம். போனை மாற்றுவதற்கு முன் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 3: எழுத்தில் அறிவிப்பு

விபத்து முதலாளிக்குத் தெரியும்தானே என்று இருந்துவிடக்கூடாது. முடிந்தவரை சீக்கிரம் எழுதிக் கொடுக்கவேண்டும். இந்த மாதிரி போதும்:

"ஐயா, நான் தங்களிடம் (வேலையின் பெயர்) ஆகப் பணிபுரிகிறேன். (தேதி) அன்று (நேரம்) மணிக்கு (இடம்) பகுதியில் பணியில் இருந்தபோது (எப்படி நடந்தது) விபத்து ஏற்பட்டு எனக்கு (எந்த உறுப்பில்) காயம் ஏற்பட்டது. (மருத்துவமனை) இல் சிகிச்சை பெற்றுவருகிறேன். பணியின்போது ஏற்பட்ட இக்காயத்துக்குச் சட்டப்படி எனக்குரிய இழப்பீட்டையும் மருத்துவச் செலவையும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதை இரண்டு பேருக்கு அனுப்புங்கள்: காண்ட்ராக்டருக்கு ஒன்று, வேலையைக் காண்ட்ராக்ட் விட்ட நிறுவனத்துக்கு ஒன்று. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

இரண்டாவது கடிதம் ஏன் என்று கேட்பீர்கள். முதன்மை முதலாளி தன் தொழிலின் பகுதியான வேலையைக் காண்ட்ராக்ட் விட்டிருந்தால், காயம்பட்டவர் அவரிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்த பணத்தைக் காண்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர் பாடு. உள்ளாட்சி அமைப்பின் கடமைகளையும் அதன் 'தொழில்' என்றே 1923 சட்டம் கருதச் சொல்கிறது. ஆகவே நகராட்சியிலோ பேரூராட்சியிலோ குப்பை அள்ளும் ஒப்பந்தப் பணியாளரிடம் "நீ எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லி யாரும் கைகழுவ முடியாது. என்னைக் கேட்டால், மொத்தச் சட்டத்தில் இந்த மாவட்டத்துத் தொழிலாளி மனப்பாடமாக வைத்திருக்கவேண்டிய பகுதி இது.

படி 4: தொகையை நீங்களே கணக்கிடுங்கள்

நிரந்தர முழு இயலாமைக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், உயிரிழப்புக்கு 50 சதவீதம். அதை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்கவேண்டும். காரணி 25 வயதுக்கு 216.91, 35க்கு 197.06, 45க்கு 169.44, 55க்கு 135.56. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று 2020 ஜனவரியில் அறிவித்தார்கள்.

35 வயது ஒப்பந்த லைன்மேன், சம்பளம் 18,000, கட்டைவிரல் முழுதும் போய்விட்டது என்று வையுங்கள். கணக்குக்கு 15,000தான். அதில் 60 சதவீதம் 9,000. அதை 197.06ஆல் பெருக்கினால் 17,73,540. கட்டைவிரலுக்குச் சட்டத்தோடு உள்ள காய அட்டவணையில் 30 சதவீதம். ஆக 5,32,062 ரூபாய். ஆள்காட்டி விரல் என்றால் 14 சதவீதம், ஒரு கண்ணின் பார்வை என்றால் 30. அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு, முதுகெலும்பு அடி போன்றவற்றுக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் சான்று தரவேண்டும்.

தற்காலிகமாக வேலைக்குப் போகமுடியாத நிலை என்றால் அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 5 ஆண்டு.

சாக்கடைக் குழிக்குள் இறங்கி இறப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

படி 5: வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்

தொகை கைக்கு வருமுன்னே ஒருவர் வீட்டுக்கு வருவார். சாயா குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், ஒரு கவரைக் கொடுப்பார், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டுவார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. சமரசத் தொகை என்றால் அது ஆணையரிடம் பதிவாகவேண்டும். உயிரிழப்பு என்றால் இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்டவேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீட்டுக் கணக்கில் சேராது. ஆனாலும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருந்தால் வழக்கு இழுக்கும். கவரை வாங்கினாலும் தாளை வாங்காதீர்கள்.

படி 6: மனு

இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். தொழிலாளர் துறையின் உயரதிகாரி ஒருவர்தான் ஆணையராக இருப்பார். விபத்து நடந்த இடத்தில் மட்டும்தான் போடவேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமும் போடலாம். சென்னையில் அடிபட்ட குளச்சல்காரர் ஊரிலிருந்தே வழக்கு நடத்தலாம் என்று பொருள். நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தால் எங்கே தாக்கல் செய்வது என்று சொல்வார்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், தொலைபேசி 15100.

வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டவர்களும் மனு போடலாம். இரவுக் காவலாளி ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் இறந்த வழக்கில், நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தினால் அது பணி விபத்துதான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடியுமுன்னே துடைப்பத்தோடு கிளம்பும் பெண்களுக்கு இது பெரிய உதவி.

காயமே இல்லாமல் நோய் வந்தாலும் கேட்கலாம். மருத்துவமனை, ஆய்வுக்கூடம் போன்ற தொற்று அபாயம் உள்ள வேலைகளில் வரும் தொற்றுநோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஓடை தூர்வாரி எலிக்காய்ச்சல் வந்தவர், எந்த நாளில் எந்த ஓடையில் இறங்கினார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யவைக்கவேண்டும்.

ஒரு மாதத்துக்குள் தொகையைத் தராத முதலாளி மீது 1923 சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், சரியான காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் விழும். மனுவில் இரண்டையும் தனியாகக் கேளுங்கள், கேட்காமல் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஆணையர் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு, நமக்கு மதுரைக் கிளைக்கு, மேல்முறையீடு போகலாம். முதலாளி போவதென்றால் முதலில் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டியாகவேண்டும். மேல்முறையீடும் போகாமல் பணமும் தராமல் இருந்தால், நில வரிப் பாக்கியை வசூலிப்பதுபோல ஜப்தி செய்து வசூலிக்க ஆணையரிடமே மனு கொடுக்கலாம்.